கூரான கல்லெல்லாம் அம்புமுனையா?

படிவம் ஒன்றுக்கான ஒரு கருத்துணர்தல் பயிற்சித்தாளை அண்மையில் படித்தேன். லெங்கோங் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் நடக்கும் சிறுவன் கூரான கல்லைக் கண்டதும், "ஆதிமனிதனின் அம்புமுனை!" என்று கத்திவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். நடை நல்லா இருக்கு, மாணவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது அம்புமுனை என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? கதை அதைச் சொல்லவே இல்லை.

ஆற்றில் உருண்டு உடையும் கல்லும் கூராகும். மனிதன் செதுக்கியது என்றால் ஓரம் நெடுகச் சில்லு பெயர்ந்த தழும்புகள் வரிசையாகத் தெரியும். அம்புமுனை என்றால் அதற்கு மேலும் வேண்டும்: சிறியதாக, எடை குறைவாக, அடிப்பகுதி தண்டில் பொருத்த ஏற்றதாக இருக்கணும். அதே பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் கிடைத்த, சுமார் 74,000 ஆண்டுப் பழைமையான கருவிகள் ஆற்றுக் கூழாங்கற்களை உடைத்துச் செய்தவை; அம்புமுனைகள் அல்ல.

பையில் போட்டதும் தவறுதான். கிடந்த இடம் தெரியாவிட்டால் பாதிச் சான்று போச்சு.

பயிற்சித்தாளைத் தூக்கிப்போட வேண்டாம். சிறுவன் கல்லை அங்கேயே விட்டுப் படமெடுக்கட்டும். கடைசியில், "அம்புமுனை என்று சொல்ல என்ன ஆதாரம்?" என்று ஒரு கேள்வி சேர்ப்போம். கருத்துணர்தல் அங்கேதான் தொடங்குகிறது.