அபத்த நாடகம் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது?

1956 ஜனவரி, மயாமி. புதுப்பொலிவோடு திறந்த கோகனட் குரோவ் அரங்கில் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம். பெர்ட் லார், டாம் யூவெல் என இரண்டு பிரபல நடிகர்கள். இரண்டு கண்டங்களைச் சிரிக்கவைத்த நாடகம் என்று விளம்பரம் வேறு. நம்பி வந்தவர்களில் பலர் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

1957 நவம்பர் 19, கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறை. அதே நாடகத்தை ஹெர்பர்ட் பிளா இயக்க, சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆக்டர்ஸ் வொர்க்‌ஷாப் குழு நடிக்கிறது. எதிரே சுமார் 1,400 கைதிகள். அவர்களை அந்த நாடகம் கட்டிப்போட்டது. அதன் தாக்கத்தில் சிறைக்குள்ளேயே ஒரு நாடகக் குழு உருவானது. அதில் முளைத்த ரிக் குளூச்சி பிற்காலத்தில் பெக்கெட்டின் இயக்கத்திலேயே நடித்தார்.

காத்திருப்பின் வலி கைதிகளுக்குத் தெரியும், அதனால்தான் நாடகம் புரிந்தது என்பார்கள். அது பாதிதான். மயாமியில் நடித்த அதே பெர்ட் லார், 1956 ஏப்ரலில் நியூயார்க்கில், காத்திருக்கும் இருவரில் ஒருவரான அதே எஸ்ட்ரகன் வேடத்தில் பாராட்டு வாங்கினார். வசனம் மாறவில்லை. இயக்குநரும் ஜோடி நடிகரும் மாறினார்கள், விளம்பரத்தின் தொனி மாறியது. சிறையிலும் நாடகம் தொடங்குமுன் பிளா மேடைக்கு வந்து, ஜாஸ் இசையைக் கேட்பதுபோல இதைக் கேளுங்கள் என்று பார்வையாளர்களைத் தயார்படுத்தினார். கதைக்காகக் காத்திருக்க வேண்டாம், எதிரே நிகழ்வதைக் கவனித்தால் போதும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அபத்த நாடகத்தின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான நாடகத்தில் நடிகர் ஓரிடத்தில் சறுக்கினாலும் கதை அவரைத் தாங்கிப் பிடிக்கும். அடுத்து என்ன என்ற ஆவலில் ரசிகர் மன்னித்துவிடுவார். ‘கோதோ’வில் அந்தத் தாங்கல் கிடையாது. ஒரு மரம், ஒரு சாலை, வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் விளாடிமிர், எஸ்ட்ரகன் என இரண்டு பேர். ஒரு தொப்பி கைமாறுவதும், ஒரு பூட்ஸ் கழல மறுப்பதும்தான் அங்கே சம்பவங்கள். அவற்றைத் துல்லியமாகச் செய்யாவிட்டால் மேடையில் ஒன்றுமே மிஞ்சாது.

இதற்கு பெக்கெட்டே சாட்சி. 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் பாபிலோன் அரங்கில் ரோஜே பிளான் இயக்கத்தில் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. கடைசிக் காட்சியில், தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் எஸ்ட்ரகன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க, கால்சட்டை நழுவி விழ வேண்டும். அந்த நடிகர் கூச்சப்பட்டு அதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். இதை அறிந்த பெக்கெட் பிளானுக்குக் கடிதம் எழுதினார்: கால்சட்டை கணுக்கால் வரை முழுசாக விழுந்தே ஆகவேண்டும். அவருடைய பிடிவாதம் நியாயமானது. சாவைப் பற்றிய பேச்சும் நழுவி விழும் கால்சட்டையும் ஒரே நொடியில் மோதும்போதுதான் அந்தக் காட்சிக்கு உயிர். பாதியில் நின்றால் சிரிப்பும் இல்லை, துக்கமும் இல்லை.

1975இல் பெர்லினின் ஷில்லர் அரங்கில் பெக்கெட்டே இயக்கினார். நடிகர்களின் நகர்வுகளை முன்கூட்டியே குறிப்பேட்டில் வரைந்து வைத்துக்கொண்டுதான் ஒத்திகைக்கே போனார். நெட்டை விளாடிமிராக ஸ்டெஃபான் விகர், குட்டை எஸ்ட்ரகனாக ஹோர்ஸ்ட் போல்மன். முதல் அங்கத்தில் ஒருவருக்கு அளவான கோட்டை மற்றவர் மாட்டியிருப்பார். நெட்டையருக்கு இறுக்கிப் பிடிக்கிறது, குட்டையருக்குத் தொளதொளக்கிறது. இந்த இருவரும் பிரியவே முடியாதவர்கள் என்பதைச் சொல்ல வசனமே தேவைப்படவில்லை. இடையிடையே எல்லோரும் அசையாமல் நிற்கும் இடங்களையும் அவர் குறித்து வைத்திருந்தார். மௌனம்கூட அங்கே ஒத்திகை பார்த்த நடிப்பு.

யூஜின் அயனெஸ்கோவின் ‘மொட்டைத்தலைப் பாடகி’யும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் புத்தகத்தின் தட்டையான வாக்கியங்களிலிருந்து பிறந்த நாடகம் அது. 1950இல் இயக்கிய நிகோலா பத்தாய், கேலிக்கூத்தாக ஆடினால் எடுபடவில்லை என்று கண்டு, கனமான குடும்ப நாடகத்தின் முகபாவத்தோடு அதை நடிக்கவைத்தார். 1957இல் பாரிஸின் உஷெத் அரங்குக்கு வந்து பல தலைமுறை ரசிகர்களைக் கண்டது. நடிகர் சிரிக்காதபோதுதான் அங்கே ரசிகர் சிரிக்கிறார்.

நல்ல நாடகமும் முதலில் அடி வாங்கும் என்பதற்கு ஹெரால்டு பின்டர் உதாரணம். 1958 மே மாதம் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் அவருடைய ‘பிறந்தநாள் விருந்து’ எட்டே காட்சிகளில் நின்றுபோனது. ஹெரால்டு ஹாப்சனின் பாராட்டு விமர்சனம் பத்திரிகையில் வந்தபோது மேடை காலி. ஆனாலும் அந்த நாடகம் பிழைத்தது.

மார்ட்டின் எஸ்லின் 1961இல் எழுதிய நூல்தான் இந்த நாடகங்களை ‘அபத்த நாடகம்’ என்ற ஒரே பெயரில் தொகுத்துக் காட்டியது. வாசகருக்கு அது பெரிய உதவி. நடிகருக்கு அது போதாது. வாழ்க்கை அர்த்தமற்றது என்பதை யாராலும் நடித்துக்காட்ட முடியாது. கழலாத பூட்ஸோடு மல்லுக்கட்டும் மனிதனை நடிக்கலாம். இந்த நாடகங்களைக் கையில் எடுக்கும் குழுக்கள் தத்துவ விளக்கத்துக்குச் செலவிடும் நேரத்தை ஒத்திகைக்குக் கொடுக்கட்டும். பூட்ஸைச் சரியாக இழுத்தால் தத்துவம் ரசிகருக்குத் தானாகப் போய்ச்சேரும்.