அஸன்பேயும் கண்டி மண்ணும்

சித்திலெப்பையின் 'அஸன்பேயுடைய சரித்திரம்' பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு குறையையும் கூடவே சொல்வது என் வழக்கம். "எழுதினவர் கண்டிக்காரர்; கதையில கண்டி மண் ஒரு பிடிகூட இல்லை." பலரும் சொல்வதுதான். சென்ற கோடை விடுமுறையில் கண்டிக்குப் போய் வந்தபின் அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாரையும் போல நானும் தலதா மாளிகை, ஏரிக்கரை, பேராதனைப் பூங்கா என்று சுற்றினேன். பிறகு ஆட்டோ ஓட்டிய நானாவிடம், "அராபி பாஷா இருந்த இடத்துக்குப் போகணும்" என்றேன். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று நாடுகடத்தப்பட்டவர் வாழ்ந்த வீடு அது. அதன் முன் நின்றதும், 'ஆகா, நாவலில் கெய்ரோ வந்ததற்குக் காரணம் இதுதான்' என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரவு அறையில் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. பாஷா கொழும்பில் வந்திறங்கியது 1883 ஜனவரியில். நாவல் வெளிவந்தது 1885இல். அவர் கண்டிக்குக் குடிவந்ததோ 1890களில்தான். வீட்டுக்கு முந்தியது நாவல்! கண்ணால் கண்ட இடத்தையே காரணமாக்கிவிடுவது பயணிகள் செய்கிற தப்பு. நானும் செய்தேன்.

அப்படியானால் கெய்ரோ எங்கிருந்து வந்தது? சித்திலெப்பை 1882இல் தொடங்கிய பத்திரிகை 'முஸ்லிம் நேசன்'. எகிப்துப் போர் நடந்ததும் அதே ஆண்டில்தான். அன்றைய நம் வாசகருக்கு எகிப்து ஒன்றும் கதைதேசமல்ல, அன்றாடச் செய்தி. கெய்ரோவில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்கிறான் அஸன். இதுவும் நம்மவர்கள் கப்பலேறிப் போய்வந்த வழிதான். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் விக்கிரமபுரி என்ற கற்பனை நாட்டுக்கு அரசாகிறாள். அதை யாரும் அந்நியம் என்பதில்லை. கெய்ரோ என்றதும் மட்டும் ஏன் அந்நியமாகிறது? இந்தக் கேள்வியை நான் இருபது வருஷம் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு குறை மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. மறுநாள் அதே நானா பேச்சுவாக்கில், "எங்கட மூத்தவாப்பா மாட்டுல சாமான் ஏத்தினவர் சேர்" என்றார். கண்டி அரசர் காலத்திலேயே பொதிமாடு ஓட்டி மலைக்கு உப்பு கொண்டுவந்தவர்களில் முஸ்லிம்கள் உண்டு. அரண்மனை வைத்தியர்களிலும் உண்டு. கண்டியில் முஸ்லிம் பக்கீர்களுக்கு ஒரு பள்ளி இருந்ததையும், அதற்குக் குடிகள் காணிக்கை கொடுத்ததையும் 1681இல் அச்சான தன் நூலில் ராபர்ட் நொக்ஸ் எழுதுகிறார். ஓர் ஆங்கிலக் கைதி எழுதிவைத்தது, அந்த ஊரிலேயே 1838இல் பிறந்து வழக்கறிஞராக இருந்தவரின் நாவலில் இல்லை. 1891இல் அங்கே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர் அவர். அந்தப் பிள்ளைகளின் வீட்டு முற்றம் அவருக்குத் தெரியாததல்ல. எழுதியிருந்தால் நமக்கு இன்று எவ்வளவு கிடைத்திருக்கும்!

ஆகவே இனி 'மண் இல்லாத நாவல்' என்று சொல்ல மாட்டேன். உலகத்தைத் தமிழில் எழுதத் துணிந்தவர், சொந்தத் தெருவை எழுதாமல் போனார் என்பேன். முதல் பாதி அவருடைய பெருமை. இரண்டாம் பாதியை அவர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. அந்த நானாவின் மூத்தவாப்பா கதையை நாமும் இன்னும் எழுதவில்லையே.