சொன்னவர் யார்?

‘இணையவாசிகள் கொந்தளிப்பு’, ‘சமூக வலைத்தளங்களில் எழும் கேள்வி’ என்னும் தலைப்புகளை இன்று செய்தி ஏடுகளில் நாள்தோறும் காண்கிறோம். உள்ளே நோக்கினால், ஊரும் பேரும் அறியப்படாத ஐந்தாறு பேர் இணையத்தில் எழுதிவைத்த கருத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். செய்தியாளர் எவரையேனும் நேரில் கண்டதற்கோ, எங்கேனும் விசாரித்ததற்கோ சுவடு இராது. ஆசிரியருக்கு வரும் கடிதத்தில்கூடப் பெயரும் முழு முகவரியும் வேண்டுமென்று வற்புறுத்திய ஏடுகள்தாம் இவற்றையும் வெளியிடுகின்றன. இத்தகைய ஆக்கம் செய்தியாகுமா எனக் கேட்டால், எழுதுவோர் தரப்பில் ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது: நாங்களாக எதையும் கூறவில்லை, பிறர் கூறியதை எடுத்துரைத்தோம், அவ்வளவே.

இவ்விடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று மாரத்தான் ஓட்டத்தின் முடிவெல்லை அருகே இரு குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். 260க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். உடனே ரெட்டிட் முதலிய தளங்களில் பலர் கூடி, அன்றைய ஒளிப்படங்களில் பை சுமந்து நின்றோரையெல்லாம் தேடிப்பிடித்து ஐயுறத் தொடங்கினர். அவ்வாறு சுற்றிய படங்களுள் மொராக்கோ வழிவந்த இரு இளைஞர்களின் படமும் ஒன்று. அவர்களுள் ஒருவர் பள்ளி மாணவர். ஏப்ரல் 18 அன்று ‘நியூயார்க் போஸ்ட்’ நாளேடு இவ்விருவரின் படத்தை முதற்பக்கம் முழுவதும் பரப்பி, அதிகாரிகள் இவர்களைத் தேடுவதாக எழுதியது. அன்று மாலையே எஃப்.பி.ஐ. வெளியிட்ட படங்களில் இருந்தவர்களோ வேறு இருவர். அப்படம் அதிகாரிகளிடையே மின்னஞ்சலில் சென்றது உண்மையென்றும், அவ்விருவரையும் சந்தேகத்துக்குரியோர் எனத் தாங்கள் குறிக்கவில்லையென்றும் ஏட்டின் ஆசிரியர் விளக்கம் தந்தார். சொல்லளவில் அது சரியாகவே இருக்கலாம். முதற்பக்கத்தைப் பார்த்தவர் எவரும் அப்படிப் படித்திருக்க மாட்டார். இளைஞர்கள் தொடுத்த அவதூறு வழக்கு 2014இல் சமரசத்தில் முடிந்தது.

அதே இரவில், மார்ச் மாதம் முதல் காணாமற்போயிருந்த இந்திய வழிவந்த மாணவரொருவரின் பெயரும் குற்றவாளியென இணையத்தில் பரவிற்று. செய்தித்துறையைச் சார்ந்தோர் சிலரும் அதை வழிமொழிந்தனர். விடிவதற்குள் அது பொய்யெனத் தெரிந்துவிட்டது. மகனைத் தேடிக் கலங்கியிருந்த குடும்பமோ அதற்குள் வசைமாரியில் நனைந்திருந்தது. ஏப்ரல் 22 அன்று ரெட்டிட் நிர்வாகம் மன்னிப்புக் கோரியது. மறுநாள் அம்மாணவரின் உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது.

ஹதீஸ் கலை வகுப்பில் இதை எடுத்துக்காட்டியபோது மாணவரொருவர், “ஹஜ்ரத், இமாம் தபரீ செய்ததும் இதுதானே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. தபரீ (ஹிஜ்ரி 224–310) தமது வரலாற்று நூலின் முன்னுரையில், தமக்கு அறிவிக்கப்பட்டதையே தாம் அறிவிப்பதாகவும், வாசகர் வெறுக்கத்தக்கது ஏதும் அதிலிருப்பின் பொறுப்பு அறிவித்தோரையே சாரும் என்றும் கருத்துரைத்துள்ளார். மேலோட்டமாக நோக்கின் இரண்டும் ஒரே வாதம்தான். ஆயின் தபரீ ஒவ்வொரு செய்திக்கும் முன்னே, அதைத் தமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் எனப் பெயர்களை வரிசையாக வைக்கிறார். எனவே ஸைஃப் பின் உமர் வழி வந்தவை இவை, அபூ மிக்னஃப் வழி வந்தவை இவை என ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நம்மால் பிரித்து எடைபோட முடிகிறது. அவ்விருவரையும் பலவீனமானோர் என ஹதீஸ் திறனாய்வாளர் தீர்ப்பளித்ததும் அதனால்தான் நமக்குப் பயன்படுகிறது. பொறுப்பைப் பிறர்மேல் வைப்பவர் அப்பிறரை நமக்குக் காட்டியாக வேண்டும். புனைபெயருக்குப் பின்னே நிற்பவர் மஜ்ஹூல், அதாவது அறியப்படாதவர். அவர்மேல் வைக்கப்பட்ட பொறுப்பு எவர்மேலும் வைக்கப்படாததே.

‘ஆயிரக்கணக்கானோர் சொல்கின்றனரே’ என்பது அடுத்த வாதம். பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவு பெருந்திரளானோர் அறிவிப்பதை முத்தவாதிர் என்பர். அதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது. தலைமுறைதோறும் அத்திரள் இருந்தாக வேண்டும். தொடரின் தலையில் நிற்போர் தம் புலன்களால் கண்டதையோ கேட்டதையோ சொல்லியிருக்க வேண்டும். பாஸ்டனில் ஆயிரம் பேர் சொன்னது ஒருவரின் ஊகத்தையே. எண்ணத்தைப் பொறுத்தே செயல்கள் என்னும் புகழ்பெற்ற ஹதீஸை நினைவுகூர்க. உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் பின் இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா பின் ஸஈத் என ஒற்றை இழையாகவே அது வந்தது. யஹ்யாவுக்குப் பின்னரே எண்ணற்றோர் அறிவித்தனர். அது ஏற்கப்பட்டது பின்னால் திரண்ட கூட்டத்தால் அன்று. முன்னால் நின்ற நால்வரும் அறியப்பட்ட நம்பகமானோர் என்பதால்.

நம் ஏடுகளின் ‘கூறப்படுகிறது’ என்னும் வினைமுற்றும் நோக்கத்தக்கது. முஹத்திஸ்களிடமும் இத்தகைய செயப்பாட்டு வினை உண்டு. உறுதியான செய்தியை ‘இன்னார் கூறினார்’ என்பர். ஐயத்துக்குரியதை ‘அறிவிக்கப்படுகிறது’ என்பர். அச்சொல்லே வாசகருக்கு விடுக்கும் எச்சரிக்கை. ஏடுகளில் இது தலைகீழாகிவிட்டது. உள்ளே ‘கூறப்படுகிறது’, மேலே தலைப்பில் முழு உறுதி. (தலைப்பிடுபவர் வேறு, எழுதுபவர் வேறு என்று நண்பரொருவர் சமாதானம் சொன்னார். வாசகருக்கு அதனால் என்ன?)

இணையத்தில் சாமானியர் எழுதுவது முற்றிலும் பயனற்றது என நான் கூறவில்லை. 2009 ஏப்ரல் 1 அன்று இலண்டனில் ஜி-20 மாநாட்டை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தினிடையே செய்தித்தாள் விற்பவர் ஒருவர் சரிந்து இறந்தார். ‘கார்டியன்’ செய்தியாளர் பால் லூயிஸ் இணையத்தின் வழியே அவ்விடத்தில் இருந்தோரைத் தேடினார். அவர்கள் எழுதியதைத் தொகுத்து வெளியிடுவதோடு நின்றுவிடாமல், அவர்களைக் கண்டுபிடித்து, எங்கே நின்றனர், என்ன கண்டனர் என வினவினார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒருவர் தாம் எடுத்த காணொளியை அவ்வேட்டுக்கு அளித்தார். காவலர் ஒருவர் அந்த மனிதரைப் பின்னாலிருந்து கீழே தள்ளுவது அதில் பதிவாகியிருந்தது. ஏப்ரல் 7 அன்று ‘கார்டியன்’ அதை வெளியிட்டது. அது சட்டத்துக்குப் புறம்பான கொலை என 2011இல் விசாரணை நடுவர் குழு முடிவுசெய்தது. காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கையில் அவர் தள்ளப்பட்ட செய்தியே இல்லை.