சாவைக் கொண்டாடுதல்: மார்கரெட் தாட்சரின் மறைவும் பிரிட்டனின் தெருக்களும்

பொதுவாழ்வில் இருந்த ஒருவர் இறந்தவுடன் அவருடைய குறைகளைப் பேசாமல் இருப்பதே பண்பாடு என்னும் கருத்து ஐரோப்பாவில் மிகப் பழையது; பண்டைக் கிரேக்கத்தின் ஏழு ஞானியருள் ஒருவராகக் கருதப்பட்ட ஸ்பார்ட்டாவின் கைலோன் சொன்ன அறிவுரையாக அது வழங்கிவருகிறது. இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்றும், அதாவது வெறுக்கப்பட்ட ஆட்சியாளரின் சாவுக்குத் தெருவில் கூடி மகிழும் வழக்கும், நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதை அறநூலில் எழுதிவைக்கத்தான் எவரும் முன்வரவில்லை. இந்த இரண்டு வழக்குகளும் ஒரே நாட்டில் நேருக்கு நேர் மோதிக்கொண்ட காலம் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அம்மாதம் 8ஆம் நாள் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர், தம் 87ஆம் வயதில், லண்டன் ரிட்ஸ் விடுதியில் பக்கவாதத்தால் இறந்தார். 17ஆம் நாள் புனித பவுல் பேராலயத்தில் அவருக்கு இறுதி வழிபாடு நடந்தது. இடைப்பட்ட நாள்களில் நாட்டின் ஒரு பகுதி துக்கம் காத்தது, ஒரு பகுதி கூத்தாடியது, எஞ்சியோர் எது முறை என்று வழக்காடினர். அந்தக் கூத்தாட்டத்தில் நியாயம் எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். இறந்தவரை இழிவுபடுத்துவது அண்மைக் காலத்துச் சீர்கேடு என்றும், முன்னோர் இதைவிடக் கண்ணியமாக நடந்துகொண்டனர் என்றும் அந்நாள்களில் பலர் வருந்தினர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முடியாட்சியை நீக்கி ஆண்டு 1658இல் இறந்த ஆலிவர் கிராம்வெல்லின் உடலை, முடியாட்சி மீண்ட பின் 1661இல் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கழியில் குத்திவைத்தது அரசேதான். 1822இல் வெளியுறவு அமைச்சர் காஸில்ரீயின் சவப்பெட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் வாயிலுக்கு வந்தபோது கூட்டத்திலிருந்து ஆரவாரம் எழுந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் நாள், நாடாளுமன்றத்தைத் தகர்க்கச் சதிசெய்த கை ஃபாக்ஸின் கொடும்பாவியைக் குழந்தைகள் சூழ நின்று எரிப்பதைக் குடும்ப விழாவாகவே கொண்டாடும் நாடு அது. கிராம்வெல்லின் தலை ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த வளாகத்தில் அமர்ந்துகொண்டு, தெருவில் யாரோ பாட்டுப் பாடுவதைக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் முகம் சுளித்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால், பதவியிலிருந்து இறங்கி 22 ஆண்டுகள் கழித்து, மறதி நோயால் நினைவு மங்கி, எந்த அதிகாரமும் இன்றி இறந்த ஒரு மூதாட்டியின் சாவு ஏன் இத்தனை பேரைத் தெருவுக்கு அழைத்துவந்தது? தாட்சரின் ஆட்சி முடிந்த விதத்தில் இதற்கு விடை இருக்கிறது. 1979, 1983, 1987 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் அவர் வென்றார். ஆனால் ஒன்றில்கூட அவருடைய கட்சி 44 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெறவில்லை. தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றிபெறுவார் என்னும் பிரிட்டிஷ் முறை, எதிர்த்தோரின் வாக்குகளைச் சிதறடித்து அவருக்குப் பெரும்பான்மை இடங்களைத் தந்தது. 1987இல் ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் 10 மட்டுமே அவருடைய கட்சிக்குக் கிடைத்தன. இருந்தும் ஆளுக்கு இவ்வளவு என்று ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே கணக்கில் விதிக்கப்பட்ட தலைவரி, இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே, 1989இல், ஸ்காட்லாந்தின்மேல் சுமத்தப்பட்டது. இறுதியில் 1990 நவம்பரில் அவரை வீழ்த்தியவர்கள் வாக்காளர்கள் அல்லர். சொந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களே. வாக்குச்சாவடியில் அவரைத் தோற்கடிக்கும் வாய்ப்பு அவருடைய எதிரிகளுக்குக் கிடைக்கவேயில்லை. கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் அவர் இறந்த அன்று மாலையே கூடியவர்கள் கொண்டாடியதைத் தேர்தல் முடிவு நாளன்று கொண்டாட முடியாமல் போன ஒரு வெற்றியின் மிச்சமாகவே கொள்ள வேண்டும்.

இதைவிட ஆழமான நியாயம் உடையது தெற்கு யார்க்‌ஷயரின் கோல்ட்தார்ப் என்னும் சுரங்க ஊரில் நடந்தது. லண்டனில் இறுதி ஊர்வலம் சென்ற அதே நாளில், அவ்வூரார் தாட்சரின் உருவப் பொம்மையைச் சவப்பெட்டியில் கிடத்திக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர்வலம் நடத்தி, காலியிடம் ஒன்றில் அடுக்கிய மரக்குவியலின் மேல் வைத்துக் கொளுத்தினர். அரசு நடத்திய சடங்கின் ஒவ்வொரு உறுப்பையும், பெட்டி, வண்டி, ஊர்வலம் என்று வரிசை பிறழாமல் எடுத்து, அதைத் தலைகீழாக நிகழ்த்திக் காட்டிய இந்த ஒப்பாரியில்லாச் சாவுச் சடங்கு, வெறும் குடிகாரக் கும்பலின் கூச்சல் என்று தள்ளத்தக்கதன்று. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இத்தகைய ஊர்கள் ஓராண்டு ஊதியமின்றி இருந்தன. சங்கத்தின் போராளித் தலைமையை நாட்டின் உட்பகை என்று பிரதமர் வருணித்தார். ஓர்கிரீவ் என்னுமிடத்தில் 1984 ஜூன் 18இல் காவல்துறை தடியடி நடத்திய பின் மறியலாளர் 95 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. காவலர்களின் சாட்சியம் நம்பத்தகாதது என்று வெளிப்பட்டு அவ்வழக்குகள் சரிந்தன. ஆனால் ஒரு காவலரும் தண்டிக்கப்படவில்லை. நீதிமன்றத்திலும் விசாரணை ஆணையத்திலும் பதிவாகாத ஒரு குறை, கொடும்பாவியின் தீயில் பதிவானது. இழந்தவர்கள் எல்லோரும் இன்னும் இருக்கிறார்கள், மறக்கவில்லை என்று நாட்டுக்கு அறிவித்ததே அதன் பயன். அதுவரை அவ்வூரின் பெயரைக் கேள்விப்பட்டிராத செய்தியாளர்கள் அன்று அங்கே போய் நின்றார்கள்.

கொண்டாட்டத்தை ஆதரித்தோரின் வலிமையான வாதம் அரசின் செயலிலிருந்தே பிறந்தது. தாட்சருக்கு நடந்தது, முழுமையான அரசு இறுதி மரியாதைக்கு ஒரு படி குறைந்ததும் இராணுவ மரியாதையுடன் கூடியதுமான ‘சடங்குமுறை இறுதி நிகழ்வு’. 1997இல் டயானாவுக்கும் 2002இல் அரசியின் தாயாருக்கும் அளிக்கப்பட்ட தகுதி அது. சவப்பெட்டி பீரங்கி வண்டியில் சென்றது, பிக் பென் மணி நிறுத்திவைக்கப்பட்டது, 1965இல் சர்ச்சிலுக்குப் பின் முதன்முறையாகப் பிரதமர் ஒருவரின் இறுதிச் சடங்கில் அரசி கலந்துகொண்டார், 4,000க்கும் மேற்பட்ட காவலர்கள் காவல் நின்றனர். காவல் செலவு உட்பட 36 இலட்சம் பவுண்டு ஆனதாக அரசு பின்னர் கணக்குக் காட்டியது. ஒரு குடும்பம் தன் தாயை அடக்கம் செய்கையில் வாசலில் நின்று ஆடுவது இழிவு என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பொதுப்பணத்தில், பொதுச்சாலையில், படையணி சூழ, நாடே ஒருமனதாகத் துயருறுகிறது என்று அரசு அறிவிக்கும்போது, துயருறாத குடிமக்கள் பேசாமல் இருந்தால் அவர்களும் அந்த ‘நாடே’ என்னும் சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிடுகிறார்கள். சாவை அரசியலாக்கியவர்கள் எதிர்ப்பாளர்கள் என்ற குற்றச்சாட்டு காலவரிசையை மறந்த குற்றச்சாட்டு. திரைப்பட இயக்குநர் கென் லோச் இந்த முரணை அழகாகப் பிடித்தார்: இறுதிச் சடங்கையும் தனியார்மயமாக்கி, ஒப்பந்தப்புள்ளி கோரி, மிகக் குறைந்த விலை கேட்பவரிடம் விட்டுவிடலாம், அம்மையாரே அதைத்தான் விரும்பியிருப்பார் என்ற பொருளில் அவர் கூறியது, அவ்வாரத்தின் எல்லா இரங்கலுரைகளையும்விட இறந்தவரின் கொள்கைக்கு நெருக்கமானது.

இரங்கலுரைகளின் இன்னொரு குறை அவற்றின் தேர்ந்தெடுத்த மறதி. உலக அரங்கில் விடுதலையின் குரல் என்று அவரைப் போற்றியவர்கள், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸைப் பயங்கரவாத அமைப்பு என்று 1987இல் அவர் கூறியதை விரைந்து கடந்து சென்றனர். 1985 ஏப்ரலில், தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை முடிந்து இரண்டாண்டுகூட நிறையாத நிலையில், பிரிட்டிஷ் உதவியால் கட்டப்பட்ட விக்டோரியா அணையைத் திறக்க அவர் இலங்கை சென்று அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயவர்தனாவுடன் மேடையேறியதை ஈழத்தமிழர் நினைவில் வைத்திருக்கலாம். லண்டன் இரங்கலுரையாளர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது.

இத்தனை நியாயங்களும் கோல்ட்தார்ப்புக்குப் பொருந்துவதுபோல் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்றால், பொருந்தவில்லை. தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் அவர் இறந்த இரவு கூடியவர்கள், ரிட்ஸி திரையரங்கின் முகப்பில் படப்பெயர் வைக்கும் எழுத்துகளை மாற்றியடுக்கி, தாட்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியின் பக்கத்தில் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்தையும் சேர்த்து வைத்தனர். 1981இல் கலவரம் கண்ட பிரிக்ஸ்டனுக்குத் தன் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் அன்று ஆடியவர்களில் பலர் அவர் பதவி விலகியபோது பிறந்திருக்கவே மாட்டாத வயதினர். இரவல் வெறுப்புக்கும் அனுபவித்த வெறுப்புக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சிரிப்பு எழுத்துகளில் தெரிகிறது; கோல்ட்தார்ப்பின் தீயில் ஒரு குற்றப்பத்திரிகை இருந்தது, பிரிக்ஸ்டனின் பலகையில் கேலி மட்டுமே இருந்தது.

பாட்டு விவகாரம் இதைவிட மோசமானது. 1939இல் வெளிவந்த ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ திரைப்படத்தில் சூனியக்காரி செத்ததற்கு மகிழ்ந்து பாடும் பாடலை ஆளுக்கொரு படி விலைகொடுத்து வாங்கி விற்பனைப் பட்டியலில் ஏற்றும் இயக்கம் தொடங்கப்பட்டு, ஒரே வாரத்தில் 52,000க்கும் மேற்பட்ட படிகள் விற்று, அது இரண்டாம் இடத்தைப் பிடித்தது. தடை செய்தால் தணிக்கை, ஒலிபரப்பினால் அவமதிப்பு என்று திணறிய பிபிசி, செய்திக்குறிப்பு ஒன்றின் நடுவே அதைச் சுமார் ஐந்து விநாடி ஒலிபரப்பிவிட்டுத் தப்பித்தது; இரு தரப்புக்கும் ஒருசேர எரிச்சலூட்டிய அந்த ஐந்து விநாடி, நடுநிலை என்பதன் வழக்கமான விளைவு. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. சமத்துவத்தின் பெயரால் பேசிய இயக்கத்துக்கு, ஒரு பிரதமரைத் தாக்குவதற்கு அகப்பட்ட ஆயுதம் சூனியக்காரி என்னும் பழைய பெண்வசை. அவருடைய அமைச்சரவையில் இருந்து அதே சட்டங்களை வரைந்த ஆண்களுக்கு இப்படியொரு பாட்டு யாரும் தேடவில்லை. கொள்கையை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பெண்ணுடலைப் பழிக்கும்போது, எதிர்ப்பின் பாதி வலிமை தானாகவே போய்விடுகிறது.

சாவைக் கொண்டாடும் இவ்வழக்கின் அடிப்படைக் குறை, நாகரிகமின்மை அன்று. வரலாறு பற்றிய அதன் கணிப்பு. ஒரு காலத்தின் மாற்றங்கள் அனைத்தையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றிவைப்பது, அவரை வழிபட்டோரும் செய்தது, எரித்தோரும் செய்தது. தனியொருத்தியாக நாட்டைத் தூக்கி நிறுத்தினார் என்று ஒரு தரப்பும், தனியொருத்தியாக அழித்தார் என்று மறுதரப்பும் சொன்னபோது, இரண்டு தரப்பும் ஒரே புராணத்தைத்தான் ஓதின. நிலக்கரித் தொழில் 1960களிலேயே, தொழிற்கட்சியின் ஹெரால்ட் வில்சன் ஆட்சியில், பெருமளவில் சுருங்கியது. அன்று சுரங்கம் மூடினால் வேறு வேலை கிடைத்தது, 1980களில் கிடைக்கவில்லை என்பதே வேறுபாடு. கோல்ட்தார்ப்பின் சொந்தச் சுரங்கம் மூடப்பட்டது 1994இல், ஜான் மேஜர் பிரதமராக இருந்தபோது. 1997 முதல் 13 ஆண்டுகள் ஆண்ட தொழிற்கட்சி, தாட்சர் விற்ற தொழில்களை மீட்கவுமில்லை, தொழிற்சங்கங்களைக் கட்டிய சட்டங்களின் முதுகெலும்பைத் தொடவுமில்லை. ஒரு பொம்மையோடு இவையனைத்தும் எரிந்துவிட்டதாக நினைத்து வீடு திரும்புவது, எதிர்ப்பாளர்களுக்கு ஆறுதலாகவும் ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் அமைந்துவிடுகிறது.

வட அயர்லாந்தின் மார்ட்டின் மெக்கின்னஸ் இதை உணர்ந்திருந்தார் போலும். 1981இல் உண்ணாநோன்பிருந்து பத்துக் கைதிகள் இறந்ததற்குத் தாட்சரை மன்னிக்காத இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர் அவர். பெல்ஃபாஸ்டிலும் டெர்ரியிலும் கொண்டாட்டம் தொடங்கியபோது, தாட்சர் அமைதியை நிலைநாட்டியவர் அல்லர் என்பதை மறைக்காமலே, ஒரு சாவு நம் மனங்களை நஞ்சாக்க இடம் தரக்கூடாது என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மன்னிப்பும் மறதியும் இல்லாமலே அடக்கம் சாத்தியம் என்பதற்கு அது சான்று.

பாட்டையும் பொம்மையையும்விட மேலான எதிர்ப்பு இரண்டு, அந்த நாள்களிலேயே நிகழ்ந்தன. ஏப்ரல் 10இல், விடுமுறையிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட மக்களவையில், உறுப்பினர்கள் ஏழு மணி நேரத்துக்கும் மேல் புகழுரைத்துக்கொண்டிருந்தபோது, முன்னாள் நடிகையும் தொழிற்கட்சி உறுப்பினருமான கிளெண்டா ஜாக்சன் எழுந்து, தாம் கண்ட ஆட்சியின் விளைவுகளை, பழுதுபட்ட பள்ளிகள், மருத்துவமனைகள், தெருவில் படுத்துறங்கியோர் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து கூச்சல் எழுந்தது. ஒழுங்குப் பிரச்சினை எழுப்பப்பட்டது. அவர் விதிமீறி எதுவும் பேசவில்லை என்று பேரவைத் தலைவர் ஜான் பெர்கோ தீர்ப்பளித்தார். இன்னொன்று, ஊர்வலம் லட்கேட் சந்திப்பைக் கடந்தபோது சிலர் சவப்பெட்டிக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றது. அவர்களுக்கு எதிரே கைதட்டி மரியாதை செலுத்தியவர்களும் நின்றனர், ஒருவரை ஒருவர் தடுக்கவில்லை. இறந்தவரின் செயலைப் பற்றிய கணக்கை அதே அவையில், அதே தெருவில், பெயர் சொல்லி முன்வைத்ததும், உடலைத் தொடாமல் விட்டதும் இந்த இரண்டின் சிறப்பு.

தெருக்கொண்டாட்டம் எதை மாற்றியது என்று கேட்டால் விடை சுருக்கமானது. தாட்சரே விற்கத் தயங்கிய ராயல் மெயில் அஞ்சல் நிறுவனம், அவர் இறந்து ஆறே மாதத்தில், 2013 அக்டோபரில், பங்குச்சந்தையில் விற்கப்பட்டது. 2016இல் வந்த தொழிற்சங்கச் சட்டம் வேலைநிறுத்தம் செய்வதை மேலும் கடினமாக்கியது. அவருடைய மரபில் உண்மையாகவே திருப்பி எழுதப்பட்ட ஒரு பகுதியும் உண்டு: அரசு வீடுகளைக் குடியிருப்போருக்கே தள்ளுபடி விலையில் விற்க 1980இல் அவர் கொண்டுவந்த உரிமையை ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் தத்தம் சட்டமன்றங்களில் சட்டம் இயற்றி முடிவுக்குக் கொண்டுவந்தன, இங்கிலாந்தில் அது இன்னும் நடப்பில் இருக்கிறது.