'நான்' வந்து சேராத வாக்கியம்

நினைவைப் பற்றிப் பேசும்போது எதை நினைவுகூர்கிறோம் என்றுதான் கேட்கிறோம். எந்த வேற்றுமையில், எந்த விகுதியில் நினைவுகூர்கிறோம் என்று கேட்பதில்லை. கிறிஸ்டா வோல்ஃபின் 'கிண்ட்ஹைட்ஸ்முஸ்டர்' (1976) நாவலை வாசித்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது.

ஜெர்மனில் 'எனக்கு நினைவிருக்கிறது' என்று சொல்ல 'நான் என்னையே நினைவூட்டிக்கொள்கிறேன்' என்பதுபோல ஒரு வினை. நினைவூட்டுகிறவர், நினைவூட்டப்படுகிறவர் என ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேர். வோல்ஃப் அந்த இருவரையும் பிரித்து எதிரெதிரே உட்கார வைக்கிறார். நாஜிக் காலத்தில் ஹிட்லரை நம்பி வளர்ந்த சிறுமி நெல்லி, 'அவள்'. போருக்குப்பின் போலந்தோடு சேர்ந்துவிட்ட பிறந்த ஊரை 1971இல் போய்ப் பார்த்துவிட்டு எழுத உட்காருகிறவள், 'நீ'. 'நான்' இல்லை.

இது தப்பித்தல்தானே, செய்ததெல்லாம் 'அவள்' எனக்கென்ன என்பதுதானே என்று கேட்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. கிழக்கு ஜெர்மன் அரசின் பெருங்கதையாடலில் இலக்கணம் ரொம்பச் சுலபம்: நாங்கள் பாசிச எதிர்ப்பாளர்கள், பாசிஸ்டுகளின் வாரிசுகள் மேற்கே இருக்கிற அவர்கள். அந்த 'நாங்க'ளுக்குள் ஒளிந்துகொண்டால் நெல்லியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வோல்ஃப் அவளை எல்லைக்கு அப்பால் தள்ளாமல் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். 'நீ' என்பது விசாரணையின் இலக்கணம். எதிரே ஆள் இருந்தாக வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த 'நீ'யின் நெருக்கமும் கடுமையும் கரைந்துபோகின்றன. தமிழில் அது நம்மிடம் இருக்கிறது. நாவலின் முடிவில் 'நான்' வருகிறது. பிளவு தீர்ந்ததா என்றால், தெரியாது என்று சொல்வதற்காகத்தான் வருகிறது.

அந்தத் 'தெரியாது' சும்மா சொன்னதில்லை. 1959 முதல் 1962 வரை ஸ்டாசி உளவுத்துறைக்குத் தகவலாளியாக இருந்ததை வோல்ஃப் 1993இல் வெளியே சொன்னார். பின்னாளில் அதே ஸ்டாசி அவரையும் வருஷக்கணக்கில் கண்காணித்தது. தகவலாளியாக இருந்தது தனக்கு மறந்துபோச்சு என்றார். ஆக, நெல்லியைக் கேள்விகேட்ட 'நீ'க்குப் பின்னாலும் விசாரிக்கப்படாத இன்னொரு 'அவள்' இருந்திருக்கிறாள். அந்த மறதியை 2010இல் 'ஸ்டட் டெர் எங்கெல்' நாவலில் மறுபடியும் 'நான்', 'நீ' எனப் பிரித்து விசாரித்தார். பிரதி வாக்குமூலம் ஆகிவிடுவதில்லை. ஆனால் விசாரணையை முடிக்காமல் வைத்திருக்க அதனால் முடியும்.

'எனக்கு மறந்துபோச்சு' என்கிறோம். அதில் 'நான்' எழுவாய் இல்லை. மறதி தானாக வந்து நம்மேல் விழுகிறது. 'மறந்தேன்' என்றால் விகுதியில் ஆள் வந்து நிற்கணும். இயக்க வரலாறுகளை 'நாம்' என்று எழுதுகிற நாம், அந்த 'நாமு'க்குள் இருக்கிற நெல்லிகளை 'நீ' என்று எப்போது கூப்பிடப் போகிறோம்?