கணனித் திரையில் மக்கள் தமிழ்

இலக்கியச் சஞ்சிகையொன்றின் பக்கங்களிற் கணனித் திரையைப் பற்றி விமர்சனம் எழுத வேண்டிய அவசியம் யாது என்று வாசகரிற் சிலர் வினவுதல் கூடும். நம்மவர் எழுதும் நாவலொன்று ஆயிரம் பிரதி விற்றுவிட்டால் அதனைச் சாதனையென்று போற்றுகிறோம். "திற", "சேமி", "அச்சிடு", "மூடு" என்ற நான்கு சொற்களோ ஒரே மனிதனின் கண்ணில் நாளொன்றுக்கு எத்தனையோ தடவை படுகின்றன. அவற்றையும் மனிதர்தாம் எழுதினர். அவற்றிலும் நடையுண்டு, தொனியுண்டு. வாசகனை மதித்தலும் மதியாமையும் உண்டு. அறுபதுகளிலே ஈழத்துச் சிறுகதையிற் பேச்சுவழக்கு வரலாமா, வரலாகாதா என்று ஆண்டுக் கணக்கில் வாதிட்ட நாம், நாட்டு மக்கள் அன்றாடம் தொழில் செய்யும் கருவி பேசுகின்ற தமிழைப் பற்றி ஏறக்குறைய மௌனமே சாதித்து வந்துள்ளோம். அம் மௌனத்திற்கு இனியும் நியாயம் இல்லை.

ஏன் இனியும் இல்லை என்பதற்குக் காரணம் பொருளாதாரமே. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் தனது இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்ரோபர் 14 இல் நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கு டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதி வேண்டும் என்று அந்நிறுவனம் விதித்திருக்கின்றது. அவ்வசதி இல்லாத, ஆனால் உடலில் ஒரு குறையுமற்ற எத்தனையோ யந்திரங்கள் இந்த ஒரே விதியினால் "பழையவை" ஆகிவிட்டன. ஒரு டொலருக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த நாணய மாற்று 2022 இல் முந்நூற்றறுபது ரூபாவரை ஏறியதைக் கண்ட நாடு இது. அனுமதிப்பத்திரத்தின் விலையும் புதிய யந்திரத்தின் விலையும் டொலரிலேயே பிறக்கின்றன. சிறு நகரத்துக் கடைக்காரனும் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் களவாக நகலெடுத்த விண்டோஸையே பயன்படுத்தி வந்தனர் என்பது எல்லோரும் அறிந்த இரகசியம். இந்நிலையில் விலையின்றிக் கிடைப்பதும், சட்டத்துக்கு அஞ்ச வேண்டாததும், பழைய யந்திரத்தில் ஓடுவதுமான லினக்ஸ் கனவுலகத்துச் சித்தாந்தமன்று. கைக்கெட்டிய ஒரு பண்டம்.

கந்தளாயில் அதனைச் சோதித்துப் பார்த்தோம். திருகோணமலையிலிருந்து தென்மேற்கே நாற்பது கிலோமீற்றர் அளவில், பெருங்குளத்தின் தண்ணீரை நம்பி வயல் செய்யும் நகரம் அது. சிங்கள மக்கள் பெரும்பான்மையராகவும், தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அவர்களோடு கலந்தும் வாழ்கின்றனர். செக்கோசிலோவாக்கியாவின் உதவியோடு அங்கே எழுந்த சீனித் தொழிற்சாலை 1993 இல் மூடப்பட்டது. பிறகு அதன் யந்திரங்கள் துருவேறிக் கிடந்ததை ஊரவர் இன்றும் சொல்வர். யந்திரம் வந்து இறங்குவது வேறு, அது ஊருக்குச் சொந்தமாவது வேறு என்பதை விளங்கிக்கொள்ள அவ்வூரார்க்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நாம் தேர்ந்துகொண்டது ஒரு சிறு கடை. போட்டோக் கொப்பி எடுப்பார்கள், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார்கள், கமக்காரர் அமைப்புகளின் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் தட்டச்சுச் செய்வார்கள். யந்திரம் பத்தாண்டு கடந்தது; நினைவகம் நான்கு கிகாபைற். லினக்ஸ் மின்ற் என்னும் பதிப்பின் எளிய வகையை, ஏறத்தாழ மூன்று கிகாபைற் கொண்ட ஒரே கோப்பாக இறக்கி, பென் டிரைவில் எழுதினோம். நிறுவுமுன் அந்த பென் டிரைவிலிருந்தே யந்திரத்தை இயக்கிப் பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு. திரை தெரிகிறதா, ஒலி வருகிறதா, வை-பை பிடிக்கிறதா என்று அறிந்த பின்னரே வட்டிலே கை வைக்கலாம். பழைய கோப்புகளை முதலில் வேறோர் இடத்திற் பிரதி செய்துகொள்ளல் வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வோம். நிறுவும் வேலை ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரே ஒபிஸ் கூடவே வருகின்றது. கடைக்காரர் அஞ்சியது போலக் கறுப்புத் திரையில் மந்திரம் எழுத வேண்டிய தேவை ஏற்படவில்லை.

அச்சுப்பொறிதான் அரை நாளைத் தின்றது. பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் பழைய லேசர் அச்சுப்பொறி அது. அதற்கான இயக்கி லினக்ஸோடு வருவதில்லை, தனியே தேடி எடுத்து நிறுவ வேண்டியிருந்தது. யந்திரத்தை மாற்றுவதற்கு எண்ணுவோர் அச்சுப்பொறியின் மாதிரி இலக்கத்தை முதலிற் பார்த்துக்கொள்வது புத்தி. இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது திரையின் மொழியைப் பற்றியது. அமைப்பில் மொழியைத் தமிழ் என்று மாற்றியதும் பட்டியல்கள் தமிழிலே தோன்றின. அத்தமிழை ஒரு நூலை வாசிப்பது போல வாசித்தோம். நல்லவை பல உண்டு. "கடவுச்சொல்" என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் சற்றே தயங்கக்கூடும். அங்கே பேச்சில் பாஸ்போர்ட்டே வழங்குகின்றது. நம் நாட்டிலோ கடவுச்சீட்டு என்பது வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் கூலித் தொழிலாளியின் வாயிலும் புழங்கும் சொல். ஆதலால் கடவுச்சொல் விளக்கமின்றியே விளங்குகின்றது. "கோப்புறை"யும் அவ்வாறே: கோப்பைப் போட்டு வைக்கும் உறை. "சேமி" என்பது வங்கிப் புத்தகம் வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் புரியும். இவற்றை எழுதிய பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் "தொகு"? தொகுத்தல் என்றால் பலவற்றை ஒன்றுசேர்த்தல். எட்டுத்தொகை தொகுக்கப்பட்டது. ஒரு கடிதத்தில் எழுத்துப் பிழையை மாற்றுவதற்கு எந்தத் தமிழ் ஆசிரியர் "தொகு" என்பார்? "திருத்து" என்றுதான் மாணவன் கொப்பியிற் சிவப்பு மையால் எழுதுவார். சில செயலிகள் திருத்து என்கின்றன, சில தொகு என்கின்றன. ஒரே திரையில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. "முன்னிருப்பு" இன்னும் விசித்திரம். வேறு எதையும் நாம் தெரிவு செய்யாதவிடத்து யந்திரம் தானாகக் கொள்ளும் நிலையை அச்சொல் குறிக்கின்றதாம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிப் பழகிய ஒருவர் அதைக் கண்டு, சென்ற மாதத்து மீதிச் சரக்கு என்றே பொருள் கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இருப்பு என்ற சொல்லுக்குப் பண்டசாலையில் நூறாண்டுப் பழக்கம் உண்டு; மொழிபெயர்ப்பாளர் பண்டசாலைக்குப் போனதில்லை.

சொற்களைவிட ஆழமான ஒரு குறை வினைமுற்றிலே ஒளிந்திருக்கின்றது. "திற", "அழி" என்பன மனிதன் யந்திரத்துக்கு இடும் கட்டளைகள். அவை ஏவல் ஒருமையில் இருப்பது தகும். ஆயின் யந்திரம் மனிதனை நோக்கிப் பேசும்போதும் சிலவிடங்களில் அதே ஏவலொருமையே வருகின்றது. "பெயரை உள்ளிடு" என்று அது அதட்டுகின்றது. வேறு சிலவிடங்களில் "உள்ளிடவும்", "உள்ளிடுக" என்று பணிவு காட்டுகின்றது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம், தமிழில் அவ்வாறன்று. கந்தோர் யன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று, உள்ளிருப்பவரால் "நீ" என்று விளிக்கப்பட்ட ஏழைக் கமக்காரனுக்கு இந்த வேற்றுமை இலக்கண நுட்பமன்று, அனுபவம். யந்திரம் அவனிடம் எவ்விதம் பேச வேண்டும் என்பதை மொழிபெயர்ப்போர் ஒரு தடவை கூடியிருந்து தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானிக்கவில்லை என்பது திரையிலே தெரிகின்றது.

இன்னொன்று. நம் நாட்டுப் பாடநூல் "பணிசெயல் முறைமை" என்று கற்பிப்பதைத் தமிழ்நாட்டு வழக்கு "இயங்குதளம்" என்கின்றது. இங்கே மாணவன் "சாவிப்பலகை" என்று படித்துவிட்டு வருகிறான். திரையில் "விசைப்பலகை" நிற்கின்றது. கடையில் வேலை செய்யும் இளைஞன் மூன்றாம் நாளே பட்டியல்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டான். தமிழ் விளங்கவில்லை என்பது அவன் காரணமன்று. தான் படித்த தமிழ் வேறு, திரையிலுள்ள தமிழ் வேறு, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலமே என்றான். நமது கலைச்சொல் அறிஞர்கள் அனைவரும் கேட்டிருக்க வேண்டிய விமர்சனம் இது.

பட்டியலை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டும் தமிழில் எழுதலாம். கடைக்கு முக்கியம் அதுவே. இங்கேதான் இடி விழுந்தது. கடையிலிருந்த பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தபோது திரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிறைந்தன. அவை பாமினி என்னும் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியிலே "தமிழ்" என்ற சொல் உண்மையிற் சேமிக்கப்படுவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே. அந்த எழுத்துரு உள்ள யந்திரத்தில் அது தமிழாகத் தோற்றம் கொள்ளும். இல்லாத யந்திரத்தில் முகமூடி கழன்றுவிடும். எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்து போட்டதும் கடிதங்கள் மீண்டும் வாசிக்கத்தக்கனவாயின என்பது உண்மையே. ஆயினும் அவற்றுள் ஒரு கமக்காரரின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கைபேசிக்கு அனுப்பினால் வாசிக்க முடியாது. பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் செயலி அவற்றைத் தமிழென்று அறியாது. தமிழுக்கான இடம் யூனிக்கோட் நியமத்தின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், ஒதுக்கப்பட்டுவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் லினக்ஸை வெளியிட்டதும் அதே ஆண்டிற்றான். இலங்கைக்கான தமிழ் நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் 2008 இல் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நமது கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பாமினி அரசோச்சுகிறாள். சிங்களத் தட்டச்சாளரின் நிலையும் வேறல்ல. அவர்களுடைய பழைய எழுத்துருக்களும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. கந்தளாய்க் கடையில் இரு மொழிக் கடிதங்களும் ஒரே விதமாகச் சிதைந்து தோன்றியபோது ஒரு கசப்பான சமத்துவத்தைக் கண்டோம்.

இதைத் தொழில்நுட்பச் சில்லறையென்று ஒதுக்குவோர் ஒன்றை நினைவுகூர்தல் நன்று. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பதினாறாம் திருத்தம் 1988 இல் வட கிழக்கு மாகாணங்களில் அதனை நிருவாக மொழியாக்கியது. எத்தனையோ போராட்டங்களின் பின்னர் ஏட்டிலே பெறப்பட்ட உரிமை அது. நடைமுறையிலோ ஒரு கமக்காரர் தமது நீர்ப்பங்கைப் பற்றித் தமிழிலே மின்னஞ்சல் அனுப்பினால் மறுமுனையில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்குமாயின், அம்முனையிலுள்ளவர் சொல்லப்போகும் பதில் நமக்குத் தெரியும்: "ஆங்கிலத்தில் அனுப்புங்கள்."

பரிகாரம் இல்லாமலில்லை. பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு, தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வரும் ரெங்கநாதன் அமைப்பு அந்நியமன்று. லினக்ஸில் அதனை யூனிக்கோட் முறையில் இணைத்துக்கொள்ளலாம். கடையின் முதிய தட்டச்சாளர் இரண்டு நாளிற் பழகிக்கொண்டார். பழைய கடிதங்களை மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. ஆனால் கடிதத்தினிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று கருதிக் குழப்பிவிடும். ஆகவே மாற்றிய ஒவ்வொன்றையும் மனிதக் கண் ஒரு தடவை வாசித்தே ஆகவேண்டும்.

லினக்ஸின் தமிழ் ஆகாயத்திலிருந்து வந்ததன்று. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் ஒரு சிலர் ஊதியமின்றி இரவிலே கண்விழித்து எழுதியது. 2012 முதல் வெளிவரும் "கணியம்" போன்ற முயற்சிகள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வந்துள்ளன. அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. அவர்கள் எழுதியதை அன்றாடம் பயன்படுத்தித் திருப்பிச் சொல்வோர் இல்லாமையே குறை. அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசு பள்ளிக்கூடக் கணனிகளை லினக்ஸுக்கு மாற்றி, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. மலையாளத்துக்கு உழைக்கும் தொண்டர் குழுவும் 2002 முதல் இருந்து வந்தது. வகுப்பறையில் இடறிய சொல்லை மாற்றுமாறு கேட்பதற்கு ஆளும் இருந்தது, கேட்டால் மாற்றுவதற்கு ஆளும் இருந்தது. விண்டோஸில் ஒரு சொல் பிழையென்றால் நாம் முணுமுணுக்கலாம். லினக்ஸில் மாற்றிய சொல்லை நாமே அனுப்பலாம், ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த பதிப்பில் எல்லோர் திரையிலும் அது தோன்றும். விலையில்லை என்பதை மட்டும் கண்டு இதனைப் புகழ்வோர் பாதியைத்தான் கண்டவர்கள்.

அப்படியாயின் இலங்கைக்கென்று தனித் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டுமா? அவ்வாறு கூறும் நண்பர்களோடு நாம் உடன்படவில்லை. மொழிபெயர்ப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டு அரைகுறைத் திரைகளே மிஞ்சும். இயங்குதளமா, பணிசெயல் முறைமையா என்பது பெரிய சங்கதியன்று. ஒரு வாரத்திற் பழகிவிடும். பழகாதவை வேறு. "தொகு" திருத்தமாதல் வேண்டும். "முன்னிருப்பு" போய் "வழமையானது" போன்ற நடைமுறைச் சொல்லொன்று வரவேண்டும். யந்திரம் மனிதனை விளிக்குமிடமெல்லாம் மரியாதைப் பன்மை நிற்றல் வேண்டும். இம்மூன்றையும் தமிழாசிரியர் ஒருவரும், கணக்கெழுதுவோர் ஒருவரும், கடையில் தட்டச்சுச் செய்வோர் ஒருவருமாகச் சேர்ந்திருந்து ஒரு விடுமுறை நாளில் எழுதி அனுப்பிவிட முடியும். ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்ட அந்த இளைஞனிடம், எந்தெந்தச் சொற்களில் இடறினாய் என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறோம்.