பரணும் ஸ்கோப்பும்

வன்னியின் கண்டாவளைப் பக்கத்தில் காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்தால் இரவுக் காவலும் தொடங்கிவிடும். காட்டோர வயல்களில் இறங்கும் பன்றிக்கூட்டம் தின்பதைவிட உழக்கிவிட்டுப் போவதே அதிகம். விதைநெல், உரம், உழவுக்கூலி எல்லாம் கடனில் போட்டவரிடம் துவக்கைத் தொடாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு யானைக்கு உண்டு, காட்டுப்பன்றிக்கு இல்லை.

அனுமதிப்பத்திரத்தோடு பயிர்க்காவலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 12 போர் துவக்கு. அதன் பெரிய நன்மை, விசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது. கட்டுத்துவக்குக்கு அது கிடையாது. கயிற்றில் இடறுவது பன்றியா, பசுவா, விறகுக்குப் போன பெண்ணா என்று அது பார்க்காது. தீனிக்குள் மறைத்து வைக்கும் பன்றிவெடி இன்னும் கொடியது. அதைக் கடித்து வாய் சிதறிய யானைக்குட்டிகள் பல நாள் பட்டினி கிடந்தே சாகின்றன.

ஆனால் 12 போரின் குறையை மூடிமறைக்கக் கூடாது. வாய் ஒடுங்காத குழலில் எஸ்.ஜி. தோட்டாவின் சன்னங்கள் 40 மீற்றரில் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்துக்குச் சிதறும். பன்றியின் நெஞ்சில் உயிர்நிலை ஒரு சாண் அளவுதான். ஒன்றிரண்டு சன்னம் வயிற்றில் பட்ட பன்றி காட்டுக்குள் ஓடிச் சாகும். யானையை விரட்டச் சுட்டால் காலில் பட்ட காயம் சீழ்பிடித்து, வாரக்கணக்கில் வதைத்துக் கொல்லும். 2023இல் இலங்கையில் இறந்த யானைகள் 450க்கும் மேல். சூட்டுக்காயம் அந்த இறப்புகளின் முதன்மைக் காரணங்களில் ஒன்று.

அப்படியானால் ரைபிளும் ஸ்கோப்பும்தான் தீர்வா? குறி என்ற அளவில் பார்த்தால், ஆம். 100 மீற்றரில் மூன்று தோட்டாக்களை உள்ளங்கை அளவுக்குள் போடுவது நல்ல ரைபிளுக்குப் பெரிய வேலையல்ல. ஆனால் அந்தக் குறி ஸ்கோப்பை மட்டும் நம்பி வருவதில்லை. ஒரே வகைத் தோட்டா, தளராத பிடிவளையங்கள், அசையாத தாங்கல், மெதுவாக இழுபடும் விசை எல்லாம் சேர வேண்டும். ஸ்கோப் வாங்குகிறவர்கள் உருப்பெருக்கத்தில்தான் ஏமாறுகிறார்கள். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42 மி.மீ. வில்லையை 6 மடங்கில் வைத்தால் 7 மி.மீ.; இருளில் விரிந்த கண்மணிக்கு அது போதும். அதையே 14 மடங்குக்கு ஏற்றினால் 3 மி.மீ.தான், மங்கலில் பன்றி வெறும் நிழலாகிவிடும். நம்பகத்துக்கு ஒரு சோதனை உண்டு. குறியை நகர்த்தும் திருகுகளை மேலே, வலம், கீழே, இடம் எனச் சம அளவில் திருப்பி ஒவ்வொரு முறையும் சுட வேண்டும். கடைசித் தோட்டா முதல் துளையிடமே திரும்பாவிட்டால், விலை என்னவானாலும் அந்த ஸ்கோப் வேண்டாம்.

இத்தனை இருந்தும் வன்னிக்கு ரைபிளைப் பரிந்துரைக்க முடியாது. தவறிய ரைபிள் தோட்டா 3 கிலோமீற்றருக்கு மேலும் போகும். கண்டாவளை தட்டை நிலம். வயலுக்கு அப்பால் குடியிருப்பு, அதற்கப்பால் இன்னொரு காவல்கொட்டில். தோட்டாவை விழுங்க மேடே கிடையாது.

இங்கேதான் பழைய பரணின் அருமை தெரிகிறது. மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறியது மண்ணில் புதையும். விலங்கும் கிட்ட வரும். இந்தியாவின் ருத்ரப்பிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் வேட்டைக்காரர் ஜிம் கோர்பெட் வீழ்த்தியது மரத்தின்மேல் காத்திருந்து, துப்பாக்கியில் கட்டிய டோர்ச் ஒளியில். அவருக்குக் கைகொடுத்தது கிட்டிய தூரமும் பொறுமையும்.

கண்டாவளைக்கு வேண்டியது பரண், நல்ல டோர்ச், 25 மீற்றருக்குள் மட்டும் சுடும் கட்டுப்பாடு. துவக்கு அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும்போதே, அந்தத் தூரத்தில் ஒரு தாளில் சுட்டு, சன்னம் விழுந்த அகலத்தைக் காட்டும் சோதனையையும் மாவட்டச் செயலகம் கட்டாயமாக்க வேண்டும்.